‘தொடங்காமை’ வேண்டாம்: சுழலாமை, பற்றாமை

வணக்கம்.

தமிழில் எழுதும் கார் பழுதுபார்ப்புக் கையேட்டில், சாவியைத் திருப்பியும் கார் கிளம்பாத எல்லா நிலைகளுக்கும் ‘தொடங்காமை’ என்று ஒரே சொல்லை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழுது பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வியே, ‘எஞ்சின் சுற்றுகிறதா, சுற்றியும் பிடிக்கவில்லையா?’ என்பதுதான். சுற்றியும் பிடிக்காவிட்டால் எரிபொருளையும் தீப்பொறியையும் பார்க்க வேண்டும். சுற்றவே இல்லையென்றால் பேட்டரி, எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டாரான ஸ்டார்ட்டர், இடையிலுள்ள கம்பிகள். ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால், கையேட்டைப் படிப்பவர் பேட்டரி முனையைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

ஆகவே ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றிவிடும் ‘கிராங்கிங்’ என்பதற்கு முன்சுழற்று, அது நிகழாத பழுதுக்குச் சுழலாமை, சுழன்றும் எரியத் தொடங்காததற்குப் பற்றாமை. பட்டறை வழக்கில் இருப்பது ‘பிடிக்கவில்லை’; ஆனால் ‘பிடிக்காமை’ என்று எழுதினால் காருக்கு ஓட்டுநர்மேல் வெறுப்பு என்றாகிவிடும். ‘பற்று’ தீக்கும் பொருந்துகிறது.

அடுத்து சொலினாய்டு, அதாவது மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள். பாடநூலில் உள்ள ‘வரிச்சுருள்’ இயற்பியலுக்குச் சரி. அதே பெயரில் ஸ்டார்ட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் உறுப்போ இரண்டு வேலை செய்கிறது: சிறு பற்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் பல்வளையத்தோடு சேர்க்கிறது, மோட்டாருக்குப் பெருமின்னோட்டம் போகும் தொடுமுனைகளை மூடுகிறது. சுருள் அதன் உள்ளுறுப்பு மட்டுமே. அதிலும் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: உள்ளே இழுக்க இழுசுருள், இழுத்ததை விடாமல் வைத்திருக்கப் பிடிசுருள்.

பேட்டரி தளர்ந்திருந்தால், மோட்டார் மின்னோட்டத்தை எடுத்த கணமே மின்னழுத்தம் சரிந்து பிடிசுருள் விட்டுவிடும். விட்டதும் அழுத்தம் ஏறும், மறுபடி இழுக்கும். ‘டக்டக்டக்’ என்று விடாமல் கேட்பது இதுதான். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு நின்றால் தொடுமுனை கருகியிருக்கலாம், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் சாவியிலிருந்து வரும் சிறு கம்பியில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றில் சுருள் நன்றாகவே இருக்கும். ‘வரிச்சுருள் பழுது’ என்று கையேடு சொன்னால் பொய்யாகிவிடும். அந்த உறுப்புக்கு உந்துசொடுக்கி என்ற பெயர் எப்படி? தள்ளுவதும் இணைப்பதும், அந்தச் சத்தமும்கூட அதில் இருக்கின்றன.

ஏற்றால் கையேட்டின் வரி இப்படி அமையும்: ‘முழுதாகச் சார்ஜான பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். முன்சுழற்றின்போது அது 9.6-க்குக் கீழே இறங்கினால், சுழலாமைக்கு ஸ்டார்ட்டரைக் கழற்றுமுன் பேட்டரியைச் சோதிக்கவும்.’

பல்வளையத்துக்கு வேறு சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். எனக்கு அது போதுமானதாகவே படுகிறது.