ஹீட்மேப்பில் சிவப்பு, ஆளைக் கேட்டால் ஞாபகமே இல்லை: எதை நம்புறது?

கேள்வி

வணக்கம். மூணு வாரமா மண்டையைக் குடையுது. ஒரு முன்பதிவுப் படிவத்தைச் சோதிக்க 14 பேரை உட்கார வெச்சு ஐ ட்ராக்கரில் (திரையில் கண் எங்கே பார்க்குதுன்னு பதிவு பண்ற கருவி) பதிவு பண்ணினேன். மானிட்டருக்குக் கீழே ஒட்டுற பட்டை மாதிரி கருவி, 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 பதிவு. படிவத்தோட அடியில் "அனுப்பிய பிறகு இந்தத் தேதியை மாற்ற முடியாது"ன்னு ஒரு வரி இருக்கு. அதுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே 'அனுப்பு' பட்டன்.

ஹீட்மேப்பில், அதாவது எல்லாரோட கண்ணும் அதிகமா நின்ன இடத்தைச் சிவப்பா காட்டுற படத்தில், அந்த வரி ரத்தச் சிவப்பு. ஆனா சோதனை முடிஞ்சதும் "தேதியை அப்புறம் மாத்தலாமா?"ன்னு கேட்டா, 11 பேர் கொஞ்சமும் யோசிக்காம "மாத்தலாமே"ங்கறாங்க. மேனேஜர் படத்தை மட்டும் பார்த்துட்டு, "எல்லாரும் படிச்சிருக்காங்க, அப்படியே விடு"ன்னுட்டார். கண் சொல்றதை நம்பவா, வாய் சொல்றதை நம்பவா?

பதில் 1

பத்து வருஷமா ஆய்வுக்கூடத்தில் இந்தக் கருவியோட மல்லுக்கட்டுறவன் நான். ரெண்டையும் நம்புறதுக்கு முன்னாடி அந்த ஒரு சென்டிமீட்டரைப் பாருங்க.

ஆட்கள் திரையிலிருந்து 65 செ.மீ. தள்ளி உட்கார்ந்தாங்கன்னு வெச்சுக்குவோம். அந்தத் தூரத்தில் ஒரு டிகிரின்னா திரையில் சுமார் 1.1 செ.மீ. கருவியோட வந்த தாளில் 0.5 டிகிரி துல்லியம்னு போட்டிருக்கலாம். அது நேரா உட்கார்ந்து தலையை ஆட்டாத ஆளுக்கு. நிஜத்தில் ஒரு டிகிரி பிசகுறது சர்வ சாதாரணம். அதாவது பட்டனைப் பார்த்த கண்ணை, கருவி உங்க வரி மேல கொண்டுபோய் உட்கார வெச்சிருக்கலாம்.

ஏன் பிசகுதுன்னா, கருவி நீங்க பார்க்கிற இடத்தை நேரா அளக்கிறதே இல்லை. இன்ஃப்ராரெட் வெளிச்சம் கருவிழி மேல ஒரு குட்டிப் புள்ளியா மின்னும். அந்தப் புள்ளிக்கும் கண் பாப்பாவோட (கண் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம்) மையத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வெச்சு, காலிபரேஷன்ல (தொடக்கத்தில் திரையில் புள்ளிகளைக் காட்டிப் பார்க்கச் சொல்லிக் கருவியைப் பழக்குறது) கத்துக்கிட்ட கணக்கைப் போட்டு ஊகிக்குது. காலிபரேஷன்போது எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்காருவாங்க. பத்து நிமிஷத்தில் நாற்காலியில் சரிஞ்சிடுவாங்க, கணக்கும் கூடவே சரியும். மூக்குக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் கருவி அதையும் புள்ளின்னு நினைச்சுக்கும். இமையில் மஸ்காரா அப்பியிருந்தா அந்தக் கறுப்பைப் பாப்பான்னு எடுத்துக்கிட்டு அலையும். ஒரு தடவை ஒரு முழு நாள் டேட்டாவையே இப்படித் தூக்கிப் போட்டிருக்கேன்.

இப்போ ஒரு வேலை பண்ணுங்க. ஹீட்மேப்பை மூடிட்டு ஒவ்வொருத்தரோட பார்வைப் பாதையையும் தனியா திறங்க. ஹீட்மேப் எல்லாத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிடும். ஒரே ஆள் மூணு செகண்ட் வெறிச்சுப் பார்த்தாலும் சிவப்புதான், பத்துப் பேர் நுனிப்புல் மேய்ஞ்சாலும் சிவப்புதான். படிக்கிற கண் வழுக்கிக்கிட்டுப் போகாது, நின்னு நின்னு குதிக்கும். ஆங்கில வாசிப்பில் ஒரு நிறுத்தம் சராசரியா 200 முதல் 250 மில்லிசெகண்ட், ஒரு குதி ஏழெட்டு எழுத்து. தமிழ்ச் சொற்களின் நீளம் வேற, அதனால அந்த எண்ணை அப்படியே ஒட்டாதீங்க. ஆனா உங்க ஆறு சொல் வரியை ஒருத்தர் படிச்சிருந்தா, இடமிருந்து வலமா நாலஞ்சு நிறுத்தமாவது தெரியணும். ஒரே குவியலா இருந்தா அது படிச்சதில்லை. 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு பதிவு, ஆக ஒரு நிறுத்தத்துக்குப் பத்துப் பதினஞ்சு பதிவு கிடைக்கும், எண்ணுறதுக்குப் போதும். குதிக்கிற வேகத்தை மட்டும் அதில் அளக்கப் போயிடாதீங்க.

இன்னொண்ணு. படிவத்தில் எல்லாரும் க்ளிக் பண்ணின வேற பட்டன் இருக்கா? க்ளிக் பண்ணும்போது பொதுவா கண்ணும் அங்கேதான் இருக்கும். க்ளிக் விழுந்த இடத்தையும் கருவி சொன்ன இடத்தையும் ஒப்பிட்டா, யாருக்கு எவ்வளவு பிசகுன்னு வெளிச்சமாயிடும்.

பதில் 2

மேலே சொன்னது எல்லாம் சரியா இருந்தும், அதாவது கண் நிஜமாவே வரி மேல இருந்தும், மனசில் ஏறாம போகலாம். 2013-ல வந்த ஒரு ஆய்வில், நுரையீரல் சிடி ஸ்கேனில் கட்டி தேடச் சொல்லி 24 ரேடியாலஜிஸ்டுகள்கிட்ட (ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்ற டாக்டர்கள்) கொடுத்தாங்க. உள்ளே ஒரு கொரில்லா படத்தைச் சொருகி வெச்சிருந்தாங்க, சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெருசு. 20 பேர் கவனிக்கலை. அவங்களில் பாதிக்கு மேல அந்த இடத்தை நேராவே பார்த்திருக்காங்கன்னு ஐ ட்ராக்கர் காட்டுச்சு. அவங்க தேடினது கட்டியை. உங்க ஆட்கள் தேடினது பட்டனை.

யார்பஸ்னு ஒரு ரஷ்ய ஆய்வாளர் ஒரே ஓவியத்தைக் காட்டி, "இவங்க வயசு என்ன?"ன்னு கேட்டப்போ கண் முகங்களுக்குப் போச்சு, வசதியைப் பத்திக் கேட்டப்போ உடைக்கும் சாமான்களுக்கும் போச்சு. நீங்க ஆட்களுக்கு என்ன வேலை கொடுத்தீங்க? "படிவத்தை நிரப்பி அனுப்புங்க"ன்னா, கண் பட்டனுக்கு ஓடினதில் ஆச்சரியமே இல்லை.

கேட்டவர்

ரெண்டு பேருக்கும் நன்றி. ராத்திரி முழுக்க 14 பேரையும் தனித்தனியா திறந்து பார்த்தேன். முதல் பக்கத்து 'தொடர்க' பட்டனை வெச்சு ஒப்பிட்டதில், 5 பேருக்குக் கண் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கு. அதைக் கழிச்சா அவங்க சிவப்பெல்லாம் அப்படியே பட்டன் மேல இறங்கிடுது. மீதி 9 பேரில் படி படியா வரியைக் கடந்தவங்க மூணே பேர். அதில் ரெண்டு பேர் மட்டும்தான் "மாத்த முடியாது"ன்னு சரியா சொன்னவங்க. மூணாமவர் முழுசா படிச்சிட்டும் "மாத்தலாம்"னவர். சரியா சொன்ன இன்னொருத்தரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன், "சும்மா அடிச்சுவிட்டேன்"னு சிரிக்கிறார்.

பதில் 1

அந்த மூணாமவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அறிக்கையில் அவருக்கு ஒரு பத்தி கொடுங்க. மத்தபடி வரியை அங்கேயிருந்து பெயர்த்து, தேதி கேட்கிற கட்டத்துக்குப் பக்கத்தில் வைங்க. மத்த எதுக்கும் குறைஞ்சது மூணு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்க. ஒவ்வொரு சோதனையோட கடைசியிலும் திரையில் அஞ்சு புள்ளி காட்டி, கருவி பிசகியிருக்கான்னு திரும்பவும் சரிபாருங்க. அந்த ஒரு சென்டிமீட்டரைக் கழிச்சதையும் மறைக்காம எழுதணும்.

கேட்டவர்

எழுதிட்டேன். மேனேஜர் இப்போ "அந்தச் சிவப்புப் படம் எங்கே?"ன்னு கேட்கிறார்.