வேலையை விட்ட அத்தானுக்கு அமெரிக்கக் காப்புறுதி மானியம்: ஹற்றன் எஃப்.டி வட்டியும் கணக்கில் வருமா?

கொட்டகலை தங்கச்சி:
அக்காவும் அத்தானும் டெக்ஸாஸில், அமெரிக்கக் குடியுரிமை. அத்தானுக்கு 61, அக்காவுக்கு 59. அத்தான் டிசம்பரில் வேலையை விட்டுவிட்டார். 65இல் மெடிகெயார் என்ற அரச முதியோர் காப்புறுதி வரும்வரை, அரசின் காப்புறுதிச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் வாங்கும் காப்புறுதிதான். சேமிப்பு நிறைய இருக்கிறது, மானியம் கிடைக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ஹற்றன் வங்கியில் அக்கா பேரில் 60 இலட்சம் எஃப்.டி வேறு. மூன்று மாதம் இங்கே வந்து நிற்கவும் யோசனை.

வரிக்கணக்கு:
தங்கச்சி, சேமிப்பு எவ்வளவு என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்த வருஷத்து வரிப் படிவத்தில் விழும் வருமானம்தான் பேச்சு. 2026க்கு இரண்டு பேர் குடும்பத்தின் எல்லை 84,600 டொலர். 84,000 காட்டினால், மானியத்துக்கு அளவுகோலாக வைக்கும் சில்வர் என்ற நடுத்தரத் திட்டத்துக்கு வருமானத்தில் 9.96 வீதம், அதாவது மாதம் சுமார் 697 டொலர் கட்டினால் போதும். 84,601 என்றால் மானியம் ஒரு சதமும் கிடையாது. கொவிட் காலத்துத் தளர்வு 2025 டிசம்பரோடு முடிந்ததால் இந்தப் பள்ளம் திரும்பவும் வந்துவிட்டது. அறுபதைத் தாண்டியவர்களின் பிரீமியம் இளவட்டங்களுடையதைப்போல் மூன்று மடங்குக்குக் கிட்ட என்பதால் விழுந்தால் அடி பலம்.

எந்தப் பெட்டியைத் திறக்கிறார் என்பதுதான் விஷயம். சாதாரண 401கே-யில், அதாவது வேலையிடத்து ஓய்வூதியச் சேமிப்பில், எடுப்பது முழுதும் வருமானம். வங்கிச் சேமிப்பில் எடுத்தால் வட்டி மட்டும். 30,000க்கு வாங்கிய பங்கை 40,000க்கு விற்றால் 10,000தான் ஏறும். வரி கட்டிய பணத்தைப் போட்டு வைக்கும் ரோத் ஓய்வூதியக் கணக்கிலிருந்து விதிப்படி எடுக்கும் பணம் ஏறவே ஏறாது. 62இல் சோஷல் செக்கியூரிட்டி என்ற அரச ஓய்வூதியத்தைத் தொடங்கினால் அதில் வரி விழாத பகுதியும் சேரும். பலர் வழுக்குவது இங்கேதான்.

மஸ்கெலியா மழை:
எஃப்.டி வட்டி கட்டாயம் வரும். 8 வீதம் என்று வையுங்கள், வருஷம் 480,000 ரூபாய். டொலர் 300 என்றால் 1,600 டொலர். வங்கி 10 வீதம் வரி பிடித்த பிறகு கையில் வரும் தொகையை எழுதக்கூடாது, பிடிக்க முன் உள்ளதை எழுத வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டொலரைத் தாண்டியிருப்பதால் அவற்றை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் அறிக்கையும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கொட்டகலை தங்கச்சி:
வருஷக் கடைசியில் வருமானம் எல்லையை விட 2,000 டொலர் கூடிவிட்டால்?

வரிக்கணக்கு:
2026இலிருந்து மார்க்கெட்பிளேஸில் புரோன்ஸ் (Bronze, வெண்கலம்) திட்டம் எடுத்தவர்கள் எச்.எஸ்.ஏ என்ற வைத்தியச் செலவுச் சேமிப்புக் கணக்கில் பணம் போடலாம். குடும்பத்துக்கு 8,750 வரை, 55 தாண்டினால் மேலே 1,000. அடுத்த ஏப்ரல் 15க்குள் போட்டாலும் அந்த வருஷ வருமானத்தில் கழியும். ஆனால் 52,875க்குள் நிற்க முடிந்தால் சில்வர்தான் மேல். காப்புறுதி கட்டத் தொடங்குமுன் நாமே கட்டும் டிடக்டிபிளும் குறையும், 42,300க்குள் என்றால் நன்றாகவே குறையும்.

ரொம்பவும் இறக்கிவிடவும் வேண்டாம். குறைந்த வருமானக்காரருக்கான அரச காப்புறுதியான மெடிக்கெய்டை டெக்ஸாஸ் விரிவாக்கவில்லை. 21,150க்குக் கீழே மதிப்பிட்டால் மானியமும் இல்லை, மெடிக்கெய்டும் இல்லை. அப்படியானால் 401கே-யில் கொஞ்சத்தை ரோத்துக்கு மாற்றி வருமானத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

முன்பணமாகக் கூடுதலாக வாங்கிய மானியத்தை வரித் தாக்கலின்போது படிவம் 8962இல் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பு குறைந்த வருமானக்காரருக்கு அதற்கொரு உச்சவரம்பு இருந்தது, 2026 கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். வருமானம் மாறினால் உடனே மார்க்கெட்பிளேஸில் திருத்தச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்தே வரி தாக்கல் செய்ய வேண்டும்.

மஸ்கெலியா மழை:
மூன்று மாதம் வந்து போவதில் பிழையில்லை, வீடு அங்கேதானே. ஒரேயடியாக இங்கே குடிவந்தால் மார்க்கெட்பிளேஸ் தகுதி போய்விடும், திட்டத்தை நிறுத்த வேண்டும். இங்கே வைத்தியம் பார்த்தால் அந்தத் திட்டங்கள் பொதுவாகக் கட்டாது. பயணக் காப்புறுதி ஒன்று தனியாக எடுத்துக்கொண்டு வரட்டும்.