பனியன் கம்பெனிப் பெண்களுக்கு மகளிர் மைய நிகழ்ச்சி: நாள், இடம், ரத்தப் பரிசோதனை, சட்டம்

நொய்யல்மகள் கேட்டது:

வணக்கமுங்க. பல்கலைக்கழக மகளிர் மையம் சார்பாகப் பல்லடத்தைச் சுற்றி மூன்று ஊர்களில் ஆறு மாதத் தொடர் நிகழ்ச்சி நடத்தத் திட்டம். செக்கிங், கைமடி, பேக்கிங் வேலைக்குப் போகும் பெண்களுக்காக. லைன் வீடுகளில் தங்கியிருக்கும் வடமாநிலப் பெண்களும் உண்டு. இருபது என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்ட) மாணவிகள் இருக்கிறார்கள், ஒரு வேன் இருக்கிறது, நிதி கொஞ்சம்தான். ரத்தசோகைப் பரிசோதனையும், வேலையிடப் பாலியல் தொல்லைச் சட்டமும் வைக்க எண்ணம். எந்த நாள், எந்த இடம் சரி வரும்? பரிசோதனையில் எங்கே தவறு நடக்கும்? சட்டத்துக்கு ஒரு வக்கீலைக் கூப்பிட்டுப் பேச வைத்தால் போதுமா?

காங்கேயம் களப்பணி:

ஞாயிறு மத்தியானம் மூணு மணியிலிருந்து அஞ்சு வரைக்கும் வைங்க. மற்ற நாள்ல ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு வேன் இறங்கறப்பவே ராத்திரி ஒன்பது ஆயிரும். சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு காலையில துணி துவைக்கறது, தலைக்கு ஊத்தறது, கறி எடுத்துச் சமைக்கறது, வாரச் செலவு வாங்கறதுன்னு ஒரு வாரத்து வீட்டு வேலை மொத்தமும் நிக்கும். பத்து மணிக்குக் கூட்டம்னு நோட்டீஸ் அடிச்சா வயசானவங்க மட்டும்தான் வருவாங்க. ஷிப்மென்ட் நெருக்கடின்னா ஞாயிறும் கம்பெனி ஓடும், அதனால வியாழக்கிழமையே வேன் டிரைவர்கிட்டக் கேட்டுக்குங்க. ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழா தொடங்கிட்டா நோன்பு முடியற வரைக்கும் தேதி வைக்காதீங்க. ஆடிப்பதினெட்டு, தைப்பூசப் பாதயாத்திரை நாளும் வேண்டாம்.

இடம் இதைவிட முக்கியமுங்க. கோயில் மண்டபத்துல வெச்சா காலனிப் பெண்கள் வர மாட்டாங்க. வந்தாலும் ஓரமா நிப்பாங்க, வாய் திறக்க மாட்டாங்க. அரசுப் பள்ளிதான் எல்லாருக்கும் பொது. தலைமையாசிரியர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கி, கழிப்பறைச் சாவியையும் கையோட வாங்கிக்குங்க. நோட்டீஸ் தமிழோட இந்தி, ஒடியாவிலும் இருக்கட்டும். நாலு மாணவிகள் குழந்தைகளைப் பார்த்துக்கறதுக்குன்னே பக்கத்து வகுப்பறையில இருக்கணும். இது இல்லாட்டி கைக்குழந்தைக்காரி அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. மேடை, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் வேண்டாங்க. இருக்கறது ரெண்டு மணி நேரம், அதுல நாற்பது நிமிஷம் அதுக்கே போயிரும்.

ஈரோடு செவிலி:

முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பேசிவிட்டுத் தேதி வையுங்கள். ஹீமோகுளோபின் (ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் இரும்புச்சத்துள்ள பொருள்) அளவைச் சொல்லி, மாத்திரைக்கு வழி சொல்லாமல் அனுப்பினால் அந்தப் பெண்ணுக்குக் கவலைதான் மிச்சம். குத்துவது செவிலியரோ ஆய்வக நுட்பரோ மட்டும். மாணவிகள் பதிவேடு எழுதலாம்.

டிஜிட்டல் கருவியில் ஆளுக்கு நாலு நிமிஷம் ஆகும். அறுபது பேருக்கு இரண்டு கருவி, இரண்டு மணி நேரம். ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப்பும், விரலில் குத்தும் லான்செட் ஊசியும் ஒவ்வொன்றிலும் எழுபது எடுத்துக்கொள்ளுங்கள், சில வீணாகும். ஸ்ட்ரிப் டப்பா மூடி திறந்தே கிடந்தால் ஈரக்காற்று பட்டு அளவு மாறும்.

பெரும்பாலும் தவறு நடப்பது விரலில்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். நடுவிரல் அல்லது மோதிர விரலில், நுனிக்குச் சற்றுப் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்பிரிட் முழுதாகக் காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும், இல்லாத ரத்தசோகை வந்துவிடும். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுக் குத்துங்கள்.

கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 8-க்குக் கீழே கடுமையானது. கர்ப்பிணிக்கு இந்த எண்கள் 11, 7. கடுமையாக இருப்பவர்களை அடுத்த நாளே மருத்துவரிடம் கூட்டிப்போக ஒரு மாணவியை நியமியுங்கள். போய்க்கொள்வார் என்று விடாதீர்கள், ஒரு நாள் சம்பளம் போகுமே என்று பலர் போக மாட்டார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்குக் குமட்டும், மலச்சிக்கல் வரும். முன்கூட்டியே இதைச் சொல்லாததால்தான் பலர் நாலாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். கம்பெனி டீ நேரத்தோடு போடக்கூடாது, டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா உதவும். கால்சியம் மாத்திரை வேறு நேரத்தில். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்: ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு கிராம்கூட ஏறவில்லையென்றால் காரணம் வேறாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

குத்திய லான்செட் துளைபடாத வெள்ளை டப்பாவில், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில். இரண்டையும் சுகாதார நிலையத்தில் ஒப்படைக்க முன்பே பேசிவையுங்கள். பள்ளிக் குப்பைத் தொட்டியில் ஒன்றுகூட விழக்கூடாது.

வழக்கறிஞர், திருப்பூர்:

பேச்சு போதாதுங்க. 2013-ஆம் ஆண்டு வேலையிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இந்தப் புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். ஆறு பேர் வேலை பார்க்கும் பவர் டேபிளில் (சிறு தையல் கூடத்தில்) குழு இருக்காது. அங்கே இருப்பவர்களும், முதலாளி மீதே புகார் சொல்பவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். இதை முதலில் சொல்லுங்கள். கம்பெனி வேனில் நடந்ததும் வேலையிடத்தில் நடந்ததாகத்தான் கணக்கு. பலருக்கு அது தெரிவதில்லை.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். புகாரின் ஆறு பிரதிகள், சாட்சிகளின் பெயர் முகவரி, இருக்கும் ஆதாரம் ஆகியவற்றைத் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுதித்தர உதவுவது குழுவின் கடமை என்று சட்டமே சொல்கிறது.

மையம் உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு உள் குழுவிலும் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். பெண்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்பைச் சேர்ந்தவராகவோ இப்பிரச்சினை தெரிந்தவராகவோ இருக்கலாம். உங்கள் பேராசிரியர்களில் நாலு பேரைத் தயார்ப்படுத்திச் சுற்றியுள்ள கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுங்கள். இலவசச் சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

நொய்யல்மகள்:

ரொம்ப நன்றிங்க. வருபவர்களின் போன் நம்பரை வாங்கி, அடுத்த மாதப் பரிசோதனைக்கும் புகார் விவரத்துக்கும் வாட்ஸ்ஆப் குழு தொடங்கலாமா?

காங்கேயம் களப்பணி:

தேதி சொல்ல மட்டும் குழு வைங்க. நம்பர் வாங்கறப்பவே “இந்தப் போன் யார் கையில இருக்கும், எப்பக் கூப்பிடலாம்?”னு கேட்டு நோட்டுல எழுதிக்குங்க, பாதிப் போன் வீட்டுக்காரர்கிட்டவோ மகன்கிட்டவோ இருக்கும். ஹீமோகுளோபின் அளவைக் குழுவுல போடாதீங்க, சீட்டுல எழுதி அவங்க கையில குடுங்க. புகார் பத்தி ஒரு வரிகூட மெசேஜ்ல போகக்கூடாது. அதுக்குத் தனியா ஒரு நோட்டு, ஒருத்தர் பொறுப்புல, பூட்டி வைக்கணும். மாணவிகள் அதைத் தொட வேண்டாம்.