‘எனர்வேட்’ மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடித்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) படிக்கிறேன். ‘எனர்வேட்’ (enervate) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்தாலே எனர்ஜி ஞாபகம் வந்துவிடுகிறது. மாதிரித் தேர்வில் மூன்றாவது முறையாக ‘உற்சாகமூட்டு’ என்று நினைத்துத் தவறவிட்டேன். அக்டோபரில் தேர்வு. வழி சொல்லுங்கள்.

பதில் 1: தம்பி, எனர்ஜிக்கும் இதற்கும் உறவே இல்லை. இலத்தீனில் ‘நெர்வுஸ்’ என்றால் தசைநாண், நரம்பு. முன்னால் நிற்கும் ‘எ’ வெளியே எடுப்பதைக் குறிக்கும். நரம்பை உருவிவிட்டால் ஆள் துவண்டுபோவான். நரம்புத் தளர்ச்சி என்கிறோமே, அதே படம்தான். சித்திரை வெயிலில் நடந்து வந்து திண்ணையில் அப்படியே சாய்கிறோம் இல்லையா? அந்த வெயில் நமக்குச் செய்வதுதான் எனர்வேட்.

பதில் 2: ஜிஆர்இயின் ‘சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ்’ கேள்வியில், வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும்படி ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒன்று மட்டும் சரியென்றால் மதிப்பெண் கிடையாது. அதனால் அதே பொருள் தரும் ‘டெபிலிடேட்’ (debilitate, பலவீனப்படுத்து) உடன் ஜோடியாக எழுதி வையுங்கள்.

கேட்டவர்: இன்று மதியம் சாயப்பட்டறை வெக்கையில் நின்றபோது இந்தச் சொல் தானாக வந்தது அண்ணா. ரொம்ப நன்றி. அப்புறம், ‘சாங்ஷன்’ (sanction) என்றால் அனுமதியா, தண்டனையா?

பதில் 1: இரண்டும்தான். வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.