பாடகர் ரெண்டு கட்டை, என் பேஸ் மூணு கட்டை: நாலு ஸ்ட்ரிங்கில் கீழே இறங்கிய அனுபவங்கள்

முதல் பதிவு

பதினோரு வருஷமாக லைட் மியூசிக் மேடைகளில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை (திருவிழா) கச்சேரிகள்தான் அதிகம். கையில் இருப்பது நாலு ஸ்ட்ரிங் பேஸ். அதன் ஸ்ட்ரிங்குகள் கீழ்ச் சுதியிலிருந்து ஈ (E), ஏ (A), டீ (D), ஜி (G). கடைசியில் இருக்கும் தடித்த ஸ்ட்ரிங் ஈ, அதாவது மூணு கட்டை (கட்டை என்பது சுதியின் அளவு; ரெண்டு கட்டை டீ, ஒரு கட்டை சி). அதற்குக் கீழே நோட் கிடையாது.

கச்சேரியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். "அண்ணே, ரெண்டு கட்டைக்கு இறக்கிடுங்க" என்பார். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, இரண்டு தட்டு தட்டினால் முடிந்தது. எனக்கு டீ (D) நோட்டில் சா வேண்டும், கீழே அது இல்லை. மேல் டீயை வாசித்துச் சமாளிப்பேன். பல்லவியில் பரவாயில்லை. சரணம் முடிந்து எல்லோரும் சேர்ந்து சாவில் வந்து உட்காரும் இடத்தில், அடியில் தரை இல்லாத மாதிரி இருக்கும். கேட்பவர்களுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் பாட்டு உட்காரவில்லை என்பது தெரியும். அது என்னை ரொம்ப நாள் வருத்தியது.

இப்போது ஈ ஸ்ட்ரிங்கை மட்டும் டீக்கு இறக்கி வைத்துக்கொள்கிறேன். பைசா செலவில்லை. முறுக்காணியை மெதுவாகத் தளர்த்திக்கொண்டே, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) நேர் மேலே விரலை லேசாக வைத்து ஹார்மோனிக்ஸ் (அழுத்தாமல் தொட்டு எழுப்பும் மேல் ஒலி) எடுங்கள். கூடவே டீ ஸ்ட்ரிங்கையும் சும்மா மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுதிதான் ஆக வேண்டும். சேராத வரை 'வோவ் வோவ்' என்று ஓர் அலை கேட்கும். நெருங்க நெருங்க அந்த அலை நீளும், பிறகு அடங்கிவிடும். அடங்கியதும் கையை எடுத்துவிடலாம். மேடை இரைச்சலில் ட்யூனர் தடுமாறினாலும் இது நம்மைக் கைவிடாது. ஒன்று மட்டும்: ஒரு ஸ்ட்ரிங் தளர்ந்தால் நெக் (கிடாரின் கழுத்து) கொஞ்சம் நிமிரும், மற்ற மூன்றும் ஒரு மயிரிழை ஏறியிருக்கும். அவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கடைசி மூன்று ஸ்ட்ரிங்கும் டீ, ஏ, டீ என்று ஆகிவிடுவது. ரெண்டு கட்டையில் அது சா, பா, மேல் சா. விரலே வைக்காமல் தம்புரா மாதிரி அடியில் ஓடவிடலாம். முதல் தடவை மேடையில் அப்படி வாசித்தபோது தபலா வாசிக்கிற அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

சங்கடமும் உண்டு. கடைசி ஸ்ட்ரிங்கில் எல்லா நோட்டும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப் போய்விடும். மூன்றாவது ஃப்ரெட்டில் இருந்த ஜி ஐந்துக்குப் போய்விடும். கைப்பழக்கத்தில் பழைய இடத்திலேயே விரல் வைத்து முதல் மாதம் நிறைய தப்பு செய்தேன். அப்புறம் இழுவை. இரண்டு அரைச்சுரம் இறக்கினாலே ஸ்ட்ரிங்கின் இழுவிசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஓங்கி அடித்தால் ஃப்ரெட்டில் பட்டு 'சர்ர்' என்று கேட்கும். பிரிட்ஜ் (ஸ்ட்ரிங் அடியில் மாட்டியிருக்கும் இடம்) பக்கமாகக் கையை நகர்த்தி மெதுவாக மீட்டினால் சரியாகிவிடுகிறது.

ஒரு கட்டை (C) வரைக்கும் இறக்கியவர்கள் இருக்கிறீர்களா? நான் முயன்றேன், சாதாரண 105 தடிமன் ஸ்ட்ரிங்கில் தொளதொளவென்று ஆகிவிட்டது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பதில்

அண்ணா, நான் சர்ச்சில் வாசிக்கிறேன். ஐந்து ஸ்ட்ரிங் செட் வாங்கி, மெல்லிய ஜியை விட்டுவிட்டு பி (B), ஈ, ஏ, டீ என்று நாலையும் போட்டிருக்கிறேன். ஒரு கட்டை, அதற்கும் கீழே வரும் ஏழு கட்டை (B) எல்லாம் இப்போது பயமில்லை. கடைசி பி கிட்டத்தட்ட 31 ஹெர்ட்ஸ், ஈ 41.

ஆனால் மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 130 தடிமன் ஸ்ட்ரிங் பழைய நட்டின் (முறுக்காணிப் பக்கம் ஸ்ட்ரிங் பதியும் பட்டை) பள்ளத்தில் இறங்காது. நான் அவசரத்தில் அழுத்திப் பார்த்தேன், நட்டின் ஓரம் உடைந்துவிட்டது. புது நட் வாங்கி ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் பள்ளத்தை அளவுக்கு மீறி ஆழமாக அராவிவிட்டார்கள், பி ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டிலேயே இரைந்தது. மூன்றாவது நட்டை நானே உட்கார்ந்து, இரண்டு இழுப்பு அராவுவது, ஸ்ட்ரிங்கை வைத்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு என்று ஒரு முழு ஞாயிறு மதியம் செய்தேன். அகலம்தான் முக்கியம், ஆழத்தில் கை வைக்க அவசரமே வேண்டாம்.

பிரிட்ஜில் பி ஸ்ட்ரிங்கின் சேடிலை (ஸ்ட்ரிங்கைத் தாங்கும் துண்டை) நன்றாகப் பின்னால் இழுக்க வேண்டியிருந்தது. ஸ்ப்ரிங் இடித்தது, அதைக் கழற்றினேன். அப்போதுதான் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுதி சேர்ந்தது. இன்னொன்று, தடித்த ஸ்ட்ரிங்கின் நுனியை வெட்டும் முன் அதை மடக்கிவிடுங்கள். நேராக இருக்கும்போது வெட்டினால் மேல் சுற்று நழுவி, ஸ்ட்ரிங் செத்த மாதிரி ஒலிக்கும்.

மேலே ஐந்து அரைச்சுரம் போனது எனக்கு நஷ்டமாகத் தெரியவில்லை. கீர்த்தனைகளில் அவ்வளவு மேலே போக வேலை இல்லை.

பதில்

நான் ஸ்ட்ரிங்கைத் தொடவில்லை, ஆக்டேவ் பெடல் (வாசிக்கும் நோட்டை ஒரு ஸ்தாயி கீழேயும் ஒலிக்கவைக்கும், காலால் இயக்கும் கருவி) வைத்திருக்கிறேன். பாஸ் கம்பெனியின் ஓசி-2, 1982இல் வந்த மாடல், பழையது ஒன்று கிடைத்தது. ஏ ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது ஃப்ரெட்டில் டீ வாசித்தால் அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள டீயை அது தரும். அது ஸ்ட்ரிங் சத்தம் இல்லை, கொஞ்சம் சிந்தசைசர் மாதிரி உருண்டையாக இருக்கும். குத்துப் பாட்டுக்கு அருமை. மெலடிக்கு நான் அணைத்துவிடுவேன்.

ஒரு நேரத்தில் ஒரு நோட்தான். இரண்டு ஸ்ட்ரிங் சேர்ந்து ஒலித்தால் பெடல் குழம்பிக் கொப்பளிக்கும். ரொம்பக் கீழே வாசித்தாலும் அப்படித்தான். அதனால் இடது கையால் மற்ற ஸ்ட்ரிங்குகளை அணைத்து வாசிக்கப் பழகினேன். என் வாசிப்பே அதனால் சுத்தமானது.

ஆம்ப் பற்றி யாரும் சொல்லவில்லை. எட்டு இன்ச் ஸ்பீக்கரில் 31 ஹெர்ட்ஸ் உண்மையில் வெளியே வருவதே இல்லை. மேலே உள்ள இணைச்சுரங்களைக் கேட்டு, அடிச்சுரத்தை நம் காதுதான் நிரப்பிக்கொள்கிறது. வீட்டில் சரியாகக் கேட்டது திடலில் பெரிய பாக்ஸ் வழியாக வரும்போது ஒரேயடியாக அடிச்சத்தம் மண்டும். சவுண்ட்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பதில்

ஈ ஸ்ட்ரிங்கின் முறுக்காணிக்குப் பதிலாக லீவர் வைத்த ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர் போட்டிருக்கிறேன். ஒரு தட்டு டீ, மறு தட்டு ஈ. பாட்டுக்குப் பாட்டு கட்டை மாறுகிறவர்களுக்கு இதுதான் சரி. விலை கொஞ்சம் கூடுதல்.

முதல் பதிவிட்டவர்

எல்லோருக்கும் நன்றி. தம்பி, நட் விஷயத்தை எழுதியதற்குத் தனியாக நன்றி. நானும் அழுத்தித்தான் பார்த்திருப்பேன். ஒரு கட்டை ஆசையை இப்போதைக்கு விட்டுவிட்டேன். எங்கள் பாடகர் ரெண்டுக்குக் கீழே போவதில்லை, அவர் போகாத இடத்துக்கு நான் ஏன் போக வேண்டும்? 105ஐக் கழற்றிவிட்டு 110 போட்டிருக்கிறேன், பழைய பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டது. டீயில் முன்பைவிட இறுக்கமாக நிற்கிறது, அந்த 'சர்ர்' பாதிக்கு மேல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கொடை. நெக் அதற்குள் நிலைக்கு வந்துவிடும், அன்றைக்குக் காலையில் ஒரு தடவை சுதி பார்த்தால் போதும்.