இஸ்லாமிய வங்கிக் கடன் சிறு வியாபாரியைக் காக்குமா?

கிள்ளான் துணிக்கடை:
கடையைப் பெரிதாக்க இரண்டு வங்கிகளில் விசாரித்தேன். ஒன்று வழக்கமான கடன், மற்றொன்று இஸ்லாமிய முறை. மாதத் தவணை ஏறக்குறைய ஒன்றுதான். வாடிக்கையாளர்களோ கைப்பேசியிலேயே சீனச் சரக்கை வாங்கிவிடுகிறார்கள். 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிக்கு 2024 ஜனவரியில் 10 விழுக்காடு வரி வந்தும் என் கல்லாவில் மாற்றமில்லை. எதை எடுப்பது?

பட்டர்வொர்த் மைதீன்:
1997-98 ஆசிய நிதி நெருக்கடி மறந்துவிட்டதா? ரிங்கிட் சரிந்தது, வங்கி வட்டி எகிறியது. 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தும்வரை யாருக்கும் தூக்கமில்லை. இஸ்லாமியத் தவணை விற்பனை முறையில் வங்கி பொருளை வாங்கி, லாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கும். அப்போது அந்த முறையில் கடன் பெற்றவர்களுக்கு விலை முதல் நாளே முடிவானது. தவணை ஒரு சென்கூட ஏறவில்லை. உலகச் சந்தை ஆடும்போது சிறியவனுக்கு வேண்டியது அதுதான்.

ஈப்போ கணக்காளர்:
பாய், அந்தக் காலம் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் விற்பனை விலையை உச்ச விகிதத்தில், அதாவது வங்கி கேட்கக்கூடிய அதிகபட்ச லாப விகிதத்தில் எழுதுகிறார்கள். நடப்பு விகிதத்துக்கு மேல் உள்ளதை 'இப்ரா' என்று தள்ளுபடி செய்கிறார்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 மே முதல் 2023 மே வரை கொள்கை வட்டி விகிதத்தை 1.75-இலிருந்து 3.00-க்கு ஏற்றியபோது, என் வாடிக்கையாளர்களின் இஸ்லாமியத் தவணையும் கூடவே ஏறியது.

பணம் கைக்கு வரும் வழியையும் பாருங்கள். வங்கி செம்பனை எண்ணெயை வாங்கி உங்களுக்குத் தவணையில் விற்கும். பிறகு உங்கள் சார்பில் அதை இன்னொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுவிடும். எல்லாம் கணினியிலேயே முடியும், எண்ணெயை நீங்கள் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டீர்கள். இந்த வணிகத்துக்காகப் பங்குச் சந்தை நிறுவனமான புர்சா மலேசியா தனித்தளம் திறந்தது 2009-இல். இப்படி வங்கியே ஏற்பாடு செய்யும் வாங்கி விற்றலுக்கு 'ஒழுங்கமைத்த தவர்ருக்' என்று பெயர். அது கூடாது என்று இஸ்லாமிய நாடுகளின் அமைப்பான ஓஐசியின் ஃபிக்ஹ் அகாடமி (மார்க்கச் சட்ட அறிஞர் அவை) ஷார்ஜாவில் தீர்மானித்ததும் அதே ஆண்டில்தான்!

பட்டர்வொர்த் மைதீன்:
தவர்ருக்குக்காக நான் வாதாடப்போவதில்லை. ஆனால் உச்ச விகிதத்தைத் தாண்டி வங்கி ஒரு காசு கேட்க முடியாது. தாமதக் கட்டணமும் அசலோடு சேர்ந்து குட்டி போடாது. பேரங்காடிக்குச் சரக்குப் போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருப்பவனிடம் கேட்டுப்பாருங்கள், அதன் அருமை தெரியும்.

ஈப்போ கணக்காளர்:
குட்டி போடாததை ஒப்புக்கொள்கிறேன். உச்ச விகிதமோ நான் பார்த்த ஒப்பந்தங்களில் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. தவணை அதைத் தொடுவதற்குள் கடைக்குப் பூட்டு விழுந்திருக்கும். வங்கி பங்காளியாகி நட்டத்திலும் பங்கேற்கும் முஷாரகா முறையில் கொடுக்கட்டும், நானே விளம்பரம் செய்கிறேன். சிறு கடைக்கு எந்த வங்கி பங்காளியாக வருகிறது? அங்கேயும் பிணைதான் கேட்கிறார்கள்.

பட்டர்வொர்த் மைதீன்:
பங்காளி வந்தால் உண்மைக் கணக்கைக் காட்ட வேண்டுமே. நம்மவர்களில் எத்தனை பேர் ஒரே கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார்கள்? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கிள்ளான் துணிக்கடை:
என்னுடையது ஒன்றுதான், ஐயா! முன்கூட்டியே அடைத்தால் தள்ளுபடி உண்டா?

ஈப்போ கணக்காளர்:
உண்டு. அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தையும் உச்ச விகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் சீனச் சரக்கோடு விலையில் மோதத்தான் கடையைப் பெரிதாக்குகிறீர்கள் என்றால், இரண்டு கடனுமே வேண்டாம்.

பட்டர்வொர்த் மைதீன்:
இதில் மட்டும் கணக்காளர் பக்கம்தான் நான்.