ஏஜிஐ அணுகுமுறைகளை எந்த அடிப்படையில் பிரிப்பது?

கேள்வி: வளவன்

ஏஜிஐ, அதாவது மனிதரைப் போல எந்தப் பணிக்கும் ஈடுகொடுக்கும் பொதுச் செயற்கை நுண்ணறிவு. அதை உருவாக்கும் அணுகுமுறைகளுக்கு ஓர் அட்டவணை தேவைப்படுகிறது. பலரும் போடும் கட்டங்கள் நான்கு: குறியீட்டு வழி (எழுதிவைத்த விதிகளும் தர்க்கமும்), நரம்பு வலை வழி (தரவிலிருந்து கற்பது), இரண்டும் கலந்தது, கணிதப் பொதுமை வழி. பொது அறிவைக் கூற்றுகளாகத் தொகுக்கும் சைக்கும், மனித அறிதலை மாதிரியாக்கும் கட்டமைப்பான சோரும் முதல் கட்டத்தில் அடங்கிவிடுகின்றன, ஏஐஎக்ஸ்ஐ என்ற கணித மாதிரி நான்காவதில். நார்ஸ் என்ற தர்க்க அமைப்பு எங்கே போகும்? கோ பலகை ஆட்டம் ஆடும் ஆல்ஃபாகோ, வடிவியல் கணக்குகளை நிறுவும் ஆல்ஃபாஜியோமெட்ரி, கணிப்பான் போன்ற கருவிகளை அழைக்கும் மொழி மாதிரிகள் எல்லாவற்றையும் ‘கலப்பு’ என்று தள்ளினால் அந்தக் கட்டம் குப்பைத் தொட்டியாகிறது. மூளையை நகலெடுக்கும் முயற்சிக்குத் தனிக் கட்டம் வேண்டுமா?

மறுமொழி 1: கணியன்

அந்த நான்கும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை, சிக்கல் அங்கேதான். முதல் மூன்றும் ‘அறிவு எந்த வடிவில் இருக்கிறது’ என்பதற்கு விடை. நான்காவது, ‘நுண்ணறிவு என்றால் என்ன’ என்பதற்கு.

மார்கஸ் ஹட்டர் 2000இல் முன்வைத்த ஏஐஎக்ஸ்ஐ, சூழலை விளக்கக்கூடிய நிரல்கள் அத்தனையையும் கணக்கில் எடுத்து, குட்டையான நிரலுக்குக் கூடுதல் எடை தருகிறது. அதை முழுமையாகக் கணிக்கவே முடியாது. நிரல் நீளத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு வைத்த வடிவம் உண்டு. நீள வரம்பு வெறும் 100 பிட் என்றாலே ஒவ்வோர் அடிக்கும் பார்க்க வேண்டிய நிரல்களின் எண்ணிக்கை, 1க்குப் பின்னால் 30 சுழியம் போட்ட எண்ணைத் தாண்டும். அது அளவுகோல், கட்டுமான வரைபடம் அல்ல.

கட்டங்களை விட்டுவிட்டு அட்டவணையில் மூன்று பத்திகள் (செங்குத்து வரிசைகள்) போடுங்கள்: அறிவின் வடிவம், அறிவு வரும் வழி, எதை நகலெடுக்கிறோம். பயன் உடனே தெரியும். 2016இல் கோ வீரர் லீ செடோலை வென்ற ஆல்ஃபாகோ, மனிதர் ஆடிய ஆட்டங்களில் தொடங்கித் தன்னோடு ஆடிக் கற்றது. 2017இல் வந்த ஆல்ஃபாகோ ஜீரோவுக்கு மனித ஆட்டம் ஒன்றுகூடத் தரப்படவில்லை. முதல் பத்தியில் இரண்டுக்கும் ‘வலை, மரத் தேடல்’ (அடுத்தடுத்த நகர்வுகளைக் கிளை கிளையாக ஆராய்வது) என்றே வரும், இரண்டாவதில்தான் பிரியும். நான்கு கட்ட அட்டவணை இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

மறுமொழி 2: நுண்மதி

மூன்றாம் பத்திக்கு ஏஜிஐ ஆய்வாளர் பெய் வாங் செய்த பிரிவு கைகொடுக்கும். நகலெடுப்பது கட்டமைப்பையா, நடத்தையையா, திறனையா, செயற்கூறுகளையா, அடிப்படை நெறியையா என்று ஐந்தாகப் பிரிக்கிறார். நார்ஸ் அவருடையதுதான், அது ‘நெறி’ வரிசையில் வரும். அறிவும் வளமும் போதாத நிலையில் தன்னைத் தகவமைத்துக்கொள்வதே நுண்ணறிவு என்பது அந்த நெறி.

நார்ஸைக் ‘குறியீட்டு வழி’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் மெய்/பொய் தர்க்கத்தை எதிர்பார்ப்பார். அதில் ஒவ்வொரு கூற்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. 4 சான்றுகளில் 3 சாதகம் என்றால் நிகழ்விகிதம் 0.75. நம்பகம் என்பது சான்றுகளை, சான்றுகளோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்தது: 4/5, அதாவது 0.8. புதுச் சான்று வந்தால் இரண்டும் மாறும்.

மூளை நகல் ‘கட்டமைப்பு’ வரிசைக்கு உரியது. நரம்பு வலைகளோடு சேர்த்துவிடாதீர்கள், அவை மூளையிலிருந்து பெயரையும் ஒரு தளர்வான உருவகத்தையும் மட்டுமே எடுத்தவை. 302 நரம்பணுக்கள் கொண்ட சி. எலிகன்ஸ் புழுவின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியானது. ஆனால் இணைப்புகளின் வலிமையும் நரம்பணுக்களின் வேதிச் சூழலும் வரைபடத்தில் தெரியாது. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள்.

மறுமொழி 3: தறி

‘கலப்பு’ குப்பைத் தொட்டியாகாமல் இருக்க, யார் யாரை அழைக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆல்ஃபாகோவில் தேடல்தான் தலைமை, அது வலையைக் கேட்கிறது. வலை ஒரு நகர்வுக்கு மிகக் குறைந்த வாய்ப்பு கொடுத்தால் தேடல் அந்தக் கிளையை எட்டிப் பார்க்காமலே போகலாம். கருவி அழைக்கும் மொழி மாதிரியில் இது தலைகீழ். கணிப்பான் சரியாகவே கணக்கிடும், ஆனால் மாதிரி தவறான எண்ணைக் கொடுக்கும், அல்லது கருவியை அழைக்கவே மறந்து ஊகித்துச் சொல்லும். 2024இல் வந்த ஆல்ஃபாஜியோமெட்ரி இரண்டிலும் சேராது. தர்க்க எந்திரம் முட்டி நிற்கும்போது மொழி மாதிரி ஒரு துணைப் புள்ளியையோ கோட்டையோ முன்மொழியும், எந்திரம் மறுபடி ஓடும். அங்கே ஒவ்வோர் அடியும் விதிப்படி வருவதால் பிழையான நிறுவலுக்கு இடம் குறைவு. தோற்றால் நிறுவலே கிடைக்காது, அவ்வளவுதான்.

பழுது விதம் மாறினால் வகையும் வேறு என்பதே என் கணக்கு.

வளவன்: நன்றி. கூகுளின் ஏஐ ஆய்வகமான டீப்மைண்ட் 2023இல் வெளியிட்ட, ஏஜிஐக்கான 0 முதல் 5 வரையான நிலைகளை நான்காம் பத்தியாக வைக்கலாமா?

கணியன்: வேண்டாம். அந்த நிலைகள் எட்டிய அளவைச் சொல்பவை, போகும் வழியை அல்ல. தேர்ந்த வயதுவந்தவர்களில் 50ஆம், 90ஆம், 99ஆம் சதமானம் என்று ஏறுகின்றன. வேறு அட்டவணையில் வையுங்கள்.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு பெயருக்கும் பதிப்பைக் குறிப்பிடுவது. 1980களின் சோர் விதிகளால் மட்டும் ஓடியது. ஒன்பதாம் பதிப்பில் வலுவூட்டல் கற்றலும் (பலனைப் பார்த்துத் திருத்திக் கற்பது) நிகழ்வு நினைவகமும் சேர்ந்தன. ‘சோர்’ என்று மொட்டையாக எழுதினால் உங்கள் முதல் கட்டமும் கசியும்.